முன்னுக்கு ஒரு இருக்கை

பழைய பிக்கப் வண்டி ஒண்டை வீட்டு வளவுக்குள்ள வைச்சுத் திருத்திறவனுக்கு ரெண்டு சாமான் கட்டாயம் வேணும்: ஒண்டு ஆணி கழட்டுற பன்ரண்டாம் நம்பர் சாவி, மற்றது சொரணை கெட்ட காது. சாவி என்னட்டை இருந்தது. காது அப்பிடி வாய்க்கேல்லை. எனக்கு மூக்குக்கு மேல கோவம். வட்டக்கச்சியில வயல் செய்யிறன், வயசு அறுபதைத் தொடுது, இன்னும் அடங்கேல்லை. என்னைப்போல பழைய இரும்போட மல்லுக்கட்டுற சீவன்கள் ஆரும் இதை வாசிச்சால், "ஓம், எங்கட வீட்டிலயும் உப்பிடித்தான்" எண்டு தலையாட்டுவியள் எண்ட நம்பிக்கையில எழுதுறன்.

ஐஸ் பெட்டி

முல்லைத்தீவில இருந்து எங்கட றோட்டால மீன் கொண்டு வந்து வித்த செபமாலை அண்ணையைத் தெரியாத ஆக்கள் இஞ்ச இல்லை. முழங்கால் ஏலாமப் போக, பிக்கப்பை விக்கப்போறன் எண்டார். எனக்கும் அந்த பிக்கப்புக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. பாசமோ விசரோ தெரியாது, வாங்கிப்போட்டன். நெல்லு ஏத்தலாம், உரம் ஏத்தலாம், உருத்திரபுரத்தில கலியாணம் கட்டி இருக்கிற மகளிட்டை மனுசி சறோவையும் கூட்டிக்கொண்டு போகலாம். பஸ்ஸில சாமான் பையோட இடிபட்டுப் போய் வாறது அவாதான்.

ட்றைவருக்குப் பக்கத்தில இருக்கை இல்லை. செபமாலை அண்ணை அதைக் கழட்டிப்போட்டு அந்த இடத்தில ஐஸ் பெட்டி வைச்சிருந்தவர். பெட்டியை இறக்கிப்போட்டுத்தான் வண்டியைத் தந்தார். எனக்கு அது ஒரு குறையாவே படேல்லை. வீட்டை வந்து, பின்தட்டில ஒரு பிளாஸ்ரிக் கதிரையை வைச்சுக் கயித்தால இறுக்கிக் கட்டி, "சறோ, சிம்மாசனம் றெடி, ஏறுமன்" எண்டு பகிடி விட்டன். மனுசி கதிரையைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. முகத்தில மருந்துக்கும் சிரிப்பு இல்லை.

"பின்னுக்கு நான் ஏறமாட்டன். முன்னுக்கு ஒரு இருக்கை போட்டிட்டுக் கூப்பிடுங்கோ."

ஹோன்

இருக்கைதானே, எப்பவும் போடலாம் எண்டு விட்டிட்டு என்ஜினில கை வைச்சன். காபரேட்டரைக் கழட்டிப் பூட்டினன். பூட்டின பிறகு ஒரு ஆணி மிஞ்சிச்சுது. திருப்பியும் கழட்டினன். ஒரு கிழமை இப்பிடிப் போக, ஒருநாள் காலமை வண்டி இருமி இருமி ஸ்ராட் வந்தது. சந்தோசத்தில ஹோனை ரெண்டு தரம் அமத்தினன். அவ்வளவுதான். எங்கயோ கிடந்த மூண்டு பூனை ஓடி வந்து ரயரடியில குந்தீட்டுது. பின்னால பக்கத்து வளவுக் கமலாக்கா சட்டியோட வாறா. பதினைஞ்சு வருசமா அந்த ஹோன் கேட்டால் மீன் எண்டு பழகின ஊர்.

"அக்கா, இது மீன் இல்லை, நான்" எண்டன். அவா நம்பேல்லை. பின்தட்டை எட்டிப் பார்த்தா. கட்டின கதிரை மட்டும் அப்பிடியே கிடந்தது. சறோ குசினி வாசலில நிண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறா. அந்த வண்டியைப் பார்த்து அவா சிரிச்சது அண்டைக்குத்தான் முதல்தரம். கமலாக்காவுக்கு ஏமாத்தம் தாங்கேலாமல் போச்சு.

"மீனும் இல்லை, மனுசியும் ஏறேல்லை, பிறகென்ன கோதாரிக்குத் தம்பி ஹோன் அடிக்கிறாய்?"

றப்பர்

ஓடினால் போதாது, நிக்கவும் வேணும். பிறேக்கை மிதிச்சால் கால் தரையில போய் முட்டுது. பிறேக் சிலிண்டரைக் கழட்டினன். எண்ணெய்ப் பிசுக்கு எண்டால் பெற்றோலில கழுவுறதுதான் என்ர பழக்கம். உழவு மிசின் சாமான் எல்லாம் அப்பிடித்தான் கழுவுறனான். உள்ளுக்குக் கிடந்த றப்பர்களையும் அதே பேசினுக்குள்ள போட்டு, நல்லாத் தேச்சுக் கழுவிப் பூட்டினன். அடுத்தநாள் பிறேக் பிடிச்சுது. பிடிச்ச பிடியை விடேல்லை! படலையடியில வண்டி வேர் விட்ட மாதிரி நிண்டிட்டுது.

கிளிநொச்சியில வெல்டிங் கடை வைச்சிருக்கிற குகன் மோட்டச்சைக்கிளில வந்து கழட்டிப் பார்த்தான். பெற்றோல் பட்டு றப்பர் ஊதிப்போச்சாம். "இரும்புக்குச் சரிவாறது றப்பருக்கு ஏன் வராது?" எண்டு அவனோட பாய்ஞ்சன். உதவிக்கு வந்தவனோட பாயிற ஒரே ஆள் நானாத்தான் இருப்பன். அவன் பொறுமையாப் புது றப்பரில பிறேக் ஒயில் பூசிக்கொண்டே சொன்னான்.

"உங்களுக்கு எல்லாம் இரும்பெண்ட நினைப்பு அண்ணை, உது உள்ளுக்க ஊதிக்கொண்டு கிடந்தாலும் வெளிய தெரியாது."

மூட்டைக்கு மேல

ரெண்டு மாதம் போச்சு. என்ஜின் சரி, பிறேக் சரி, றேடியேற்றர் ஓட்டையும் அடைச்சாச்சு, லைற்றும் எரியுது. இருக்கை மட்டும் வரேல்லை. சறோ கேட்கேக்க எல்லாம் "நாளைக்கு" எண்டன். பிறகு அவா கேட்கிறதையும் விட்டிட்டா. நானும் நல்லதாப் போச்செண்டு இருந்திட்டன்.

ஒருநாள் மத்தியானம் மகளிட்டைப் போய் வந்து பஸ்ஸால இறங்கி, வெயிலுக்குள்ள பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வாறா. சீலையெல்லாம் வேர்வை. எனக்கு ஏறிச்சுது கோவம். "வாசலில வண்டி நிக்க பஸ்ஸில ஏன் இழுபடுறீர்? மீன் மணக்குதோ? பின்னுக்கு ஏறினால் மகாராணிக்கு மதிப்புக் குறைஞ்சிடுமோ?" எண்டு கத்தினன். அவா பையைக் கீழ வைச்சா. படியில இருந்தா. தண்ணி கூடக் குடிக்கேல்லை.

சண்டைக்காலத்தில, கடைசியா நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு உழவு மிசினை ஓட்டினது நான். பின்னுக்கு, மிசின் இழுக்கிற பெட்டியில, நெல்லு மூட்டைக்கு மேல, மகளைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அவா. அப்ப மகளுக்குப் பத்து வயசு. குழி இருக்கோ, சனம் குறுக்க நிக்குதோ எண்டதிலதான் என்ர கண். ஒருக்காலும் நான் திரும்பிப் பார்க்கேல்லை, பார்த்திருந்தால் ஓட்டியிருக்கமாட்டன். அண்டையில இருந்து இத்தனை வருசமா அதைப் பற்றி அவா ஒரு கதையும் கதைச்சதில்லை, நானும் கேட்டதில்லை. திரும்பி வரேக்க வீடு இருந்த இடத்தில அத்திவாரம் மட்டும்தான் கிடந்தது. இருக்கைக்கும் அதுக்கும் தொடர்பு இருக்குமெண்டு என்ர மண்டையில ஓடினால்தானே! அவா இந்த மத்தியானம், படியில இருந்தபடிதான் சொன்னா, குரலை உயர்த்தாமல், ஏதோ உப்பு முடிஞ்சுது எண்டு சொல்லுற மாதிரி. என்ர வாயில பெற்றோல் ஊத்திக் கழுவினாலும் தகும்.

"நீங்கள் றோட்டைப் பார்த்துக்கொண்டு போனியள், எங்கட வீடு சின்னனாகிச் சின்னனாகிப் போனதை நான்தான் பார்த்தனான்."

தகடு

விடியக் குகன்ர கடை திறக்க முதல் பிக்கப்போட வாசலில போய் நிண்டன். இருக்கை பூட்ட நாலு ஆணி, அரை மணித்தியால வேலை எண்டுதான் நினைச்சனான். குகன் காலடி விரிப்பைத் தூக்கினான். கீழ நிலம் தெரியுது! பதினைஞ்சு வருசமா ஐஸ் பெட்டியில இருந்து வடிஞ்ச உப்புத்தண்ணி தகட்டைத் தின்னுபோட்டுது. ரெண்டு மாதம் அதுக்குப் பக்கத்திலயே இருந்து ஓடியிருக்கிறன், விரிப்பை ஒருக்காத் தூக்கிப் பார்க்கேல்லை. பழசை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைச்சு ஒட்ட ரெண்டு நாள் போச்சு. இருக்கை ஒரு உடைஞ்ச வானில கழட்டினது. பூட்டிப் பார்த்தால் என்ர இருக்கையை விட அரைச்சாண் உயரம். வழமையான நான் எண்டால் அதுக்கொரு சண்டை பிடிச்சிருப்பன். அண்டைக்கு ஏனோ, சறோ சொன்னது முழுக்கக் குகனிட்டைக் கொட்டிப்போட்டு, "இருக்கையின்ர காலை வெட்டிப் பதிப்பமோ?" எண்டு மட்டும் கேட்டன். அவன் வெல்டிங் கண்ணாடியைக் கழட்டேல்லை.

"உயரமாவே இருக்கட்டும் அண்ணை, அக்கா கனக்கத் தூரம் பார்க்கட்டும்."

தள்ளு

அடுத்தநாள் உருத்திரபுரம் பயணம். சறோ நல்ல சீலை உடுத்து, அரிசி மூட்டையைப் பின்தட்டில ஏத்துவிச்சு, கதவைத் தானே திறந்து ஏறி இருந்தா. தலை கூரையில முட்டாத குறை. நெல்லுக் காயப்போட்டிருக்கிறதை, புதுசா முளைச்ச கடையை, குளத்தில தண்ணி நிக்கிறதை எல்லாம் பார்த்துக்கொண்டே வந்தா. நான் றோட்டை விட அவாவைத்தான் கூடப் பார்த்தன். ஒருக்கால் மாடு குறுக்க வர, பிறேக் சரியா வேலை செய்தது நல்ல காலம்.

உருத்திரபுரத்துக்கு இன்னும் ரெண்டு மைல் இருக்க, வண்டி ரெண்டு விக்கல் எடுத்து நிண்டிட்டுது. பெற்றோல் பைப்பில துரு அடைச்சிட்டுது. ஊதி எடுக்கலாம், ஆனால் நட்டநடு றோட்டு. "சறோ, இறங்கி ஒரு கை குடுமன், ஓரத்துக்குத் தள்ளுவம்" எண்டன். "தள்ளுறதெண்டால் பின்னுக்கெல்லோ போகவேணும், நான் மாட்டன்" எண்டு சொல்லி, இருந்த இடத்திலயே எட்டி ஒரு கையால ஸ்ரேரிங்கைப் பிடிச்சா. நான் பின்னுக்குப் போனன். அரிசி மூட்டைக்கு அங்கால, கண்ணாடிக்குள்ளால அவாவின்ர கொண்டை தெரியுது. தள்ளித் தள்ளி மூச்சு வாங்குது எனக்கு. அவா ஒருக்காலும் திரும்பிப் பார்க்கேல்லை. குரல் மட்டும் வந்தது.

"நல்லாத் தள்ளுங்கோ, றோட்டு வடிவாத் தெரியுது!"

நாப்பது வருசம் வயல் செய்தும் முன்னுக்கு வராத நான், இந்தப் பழசை வாங்கிப் பின்னுக்குப் போனதுதான் மிச்சம், ஆனால் என்ர மனுசி ஒரு மாதிரி முன்னுக்கு வந்திட்டா.