அவருக்குத் தெரியாமல் போன உதை

மூன்று வருடங்களுக்கு முன், சம்பா நடவு முடிந்த சமயம். பாபநாசம் பக்கம் எங்கள் ஊரில் யாருக்குச் சுளுக்குப் பிடித்தாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். நான் கால் முன்னே வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவி, லேசாக மூன்று உதை விட்டால் பிடிப்பு விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

என் கணவர் சில மாதங்களாகவே இடுப்பு வலி என்று முனகிக்கொண்டிருந்தார். வரப்பு வெட்டியதில் பிடித்திருக்கும் என்று குப்புறப் படுக்க வைத்து நானே வைத்தியத்தை ஆரம்பித்தேன். புருஷனை உதைக்க ஊரே அனுமதி கொடுத்திருக்கும்போது விடுவேனா! மூன்றாம் நாள் இடுப்பு, இரண்டு தொடை, இரண்டு கெண்டைக்கால் எல்லாம் நீவி, உதையும் விட்டு முடித்துவிட்டுப் புடவையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். அவர் படுத்தபடியே கேட்டார், "என் இடது கால எப்ப மிதிக்கப் போற?"

கடைசியாக நான் உதைத்ததே அந்தக் காலைத்தான்; அவருக்கு அது தெரியவே இல்லை. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. முந்தின வாரம் வயலிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்து நின்றார். இடது கால் செருப்பு சேற்றில் கழன்றதே தெரியவில்லை என்றார். ஞாபகம் எங்கே மேயுது என்று நான் கேலி செய்து சிரித்திருந்தேன், பாவி.

மறுநாளே தஞ்சாவூர் போனோம். ஸ்கேனில், முதுகுத்தண்டுக்குள் நீர்க்கட்டி என்று எழுதியிருந்தது. வெறும் நீர்தானே, மாத்திரையில் கரைந்துவிடும் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். ஆனால் நரம்பு டாக்டரம்மா விடவில்லை. அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் காலைத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். பிறகு ஊசியில் மருந்து ஏற்றி மறுபடியும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஒரு கட்டிக்கு எத்தனை படம் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

இரண்டாவது படத்தில் கட்டியைச் சுற்றி வெள்ளையாக ஒரு விளிம்பு தெரிந்தது.

"வெறும் நீர்க்கட்டின்னா ஓரம் இப்படி வெளுக்காதும்மா. நரம்பு உறையில வளர்ந்த கட்டி மாதிரி இருக்கு, உள்ள நீர் கோத்திருக்கு. இப்படி வர்றது அபூர்வம். பெரும்பாலும் புற்றா இருக்காது. ஆனா அப்படியே விட்டா கால் விழுந்துடும்" என்றார்.

நான் அழுதுகொண்டே என் வைத்தியத்தைச் சொல்லி, அதனால்தான் வந்ததா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "உதைச்சு வர்றது இல்லம்மா இது. ஆனா இனிமே யார் முதுகுலயும் கால் வைக்காதீங்க."

ஆபரேஷன் முடிந்து, எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. புற்று இல்லை என்று அவர்கள் சொன்ன பிறகும், அந்தக் கால் பழையபடி ஆகுமா என்ற பயம் போகவில்லை. வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து ஒருநாள் அவர் இடது உள்ளங்காலை விரலால் கீறிப் பார்த்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டு "கூசுதுடி" என்றார். அப்பாடா! அன்றைக்குத்தான் எனக்கு உயிரே வந்தது.

இப்போதும் சுளுக்கு என்று ஆட்கள் வருகிறார்கள். உட்கார வைத்துக் காபி கொடுத்து, தஞ்சாவூர் பஸ்ஸுக்கு வழி சொல்லி அனுப்புகிறேன். என் காலால் யாருக்கும் எதுவும் குணமானதில்லை என்று இன்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் உணராத அந்த ஒரு உதைக்காகத்தான் நான் கால் முன்னே பிறந்தேன் என்று, அவர் வரப்பில் நடந்து வருவதைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.