எனக்கு வேண்டாதிருந்த பூஸ்டர்

சிக்னல் கிடைக்காததற்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் நான்தான். இரண்டாயிரங்களின் நடுவில், கம்பி இழுக்கத் தேவையில்லாத சிடிஎம்ஏ போன்கள் தோட்டங்களுக்குள் வந்துகொண்டிருந்த நேரம். பார்க்க மேசை போன் மாதிரியே இருக்கும், முதுகில் விரல் நீளத்துக்கு ஒரு ஏரியல். கொட்டகலைக்குக் கீழே பள்ளத்தில் கிடந்த, லயத்து வரிசை வீடான எங்கள் காம்பராவில் அதற்குச் சிக்னல் ஒரு கோடு வரும், உடனே போய்விடும். பேசினால் பாதிப் பேச்சு காற்றோடு போகும். எனக்கு அது ரொம்பச் சௌகரியமாக இருந்தது.

ஏனென்றால் எனக்குப் பேச்சு திக்கும். பஜாரில் சின்னதாகத் தையல் கடை வைத்திருந்தேன். தையல் மெசினுக்கு முன்னால் உட்கார்ந்தவனிடம் யாரும் அதிகம் பேச்சுக் கொடுப்பதில்லை. ராகலையில் பெண் பார்த்து, தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. பெண் பார்க்கப் போன அன்று பேசியதெல்லாம் பெரியவர்கள். மாப்பிள்ளை வடையைத் தின்று, தேநீரைக் குடித்து, கேட்டதற்குத் தலையாட்டினால் போதும். மூன்றையும் நான் திறமையாகச் செய்தேன். "பையன் ரொம்ப அமைதி" என்று அவர்கள் வீட்டில் மெச்சிக்கொண்டார்களாம். அதற்கு முந்திய வருடம் வேறோர் இடத்தில் கேட்ட கேள்விக்கெல்லாம் நான் வாய் திறந்து பதில் சொன்னேன். அவர்கள் பிறகு ஆள் அனுப்பவே இல்லை.

இந்தப் பயத்தை அக்காவிடம் சொல்லிப் பயனில்லை. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். என் திக்கல் அவளுக்கு என் மூக்கு மாதிரி. தம்பியின் மூக்கைப் பற்றி யாராவது சம்பந்தி வீட்டுக்குத் தகவல் அனுப்புவார்களா?

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரங்களில் ராகலையிலிருந்து எனக்குப் பார்த்த பெண் பேசுவாள். நான் ஏதாவது ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நின்றால், "லைன் சரியில்ல போல. இருங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்பாள். "ஆமா" என்பேன். அது எனக்குத் தடையில்லாமல் வரும் சொல். இப்படியே நாளை ஓட்டினேன். போகப் போக அவள் குரலை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. தெரிந்துவிட்டால் இந்தக் குரலும் போய்விடும் என்ற பயமும் கூடவே வளர்ந்தது.

அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. "கட்டிக்கப் போற புள்ளகிட்ட நாலு வார்த்த பேச முடியல. இதுக்கு ஒரு பூஸ்டர் வச்சாத்தான் சரி வரும்" என்றாள். பக்கத்துக் காம்பராவில் டிவி பூஸ்டர் ஒன்று சும்மா கிடந்தது. பூஸ்டர் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று அதை வாங்கி வந்து, ஏரியலைக் கழற்றி, வயரை எப்படியோ முறுக்கி மாட்டினாள். இருந்த ஒரு கோடும் போயிற்று. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுவாரம் என்னை ஹட்டனுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே போன் சாமான் விற்கும் கடையில் ஒரு முஸ்லிம் நானா இருந்தார்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். கண்ணாடி அலுமாரியில் இருந்த பூஸ்டரை அக்கா காட்டியதும், "எந்தப் போனுக்கு?" என்று கேட்டார். சிடிஎம்ஏ என்றோம்.

"அப்ப இது வாணாம். இது கைப்போனுக்கு உள்ளது. ஒங்கட போனுக்கு அலைவரிசை வேற, ரெண்டும் ஒத்துப் போகாது."

எனக்கு உயிர் வந்தது. "ப... பரவால்ல நானா, இதையே குடுங்க" என்றேன்.

"வேல செய்யாத சாமான வித்துட்டு நான் ராவைக்கு நிம்மதியா சாப்பிட ஏலுமா தம்பி?" என்றவர் அக்கா பக்கம் திரும்பினார். போனின் அடியில் ஒட்டியிருக்கும் நம்பரையும், ஏரியல் மாட்டும் துளையின் அளவையும் பார்த்து வரச் சொன்னார். பிறகு, "வெளியில எங்கயாச்சும் மூணு கோடு வருதாண்டு பாருங்க. ஒண்டுமே இல்லாட்டி பூஸ்டர் எதைப் பெருக்கும்?" என்றார்.

மனதுக்குள் அந்த மனிதரைத் திட்டித் தீர்த்தேன். ஆனால் இன்றைக்கும் ஹட்டனில் அந்தக் கடையைத் தாண்டினால் நன்றியில் என் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. கேட்டதைத் தூக்கிக் கொடுத்திருந்தால் நான் கெட்டிருப்பேன்.

அக்கா போனைக் கைப்பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு லயத்தைச் சுற்றி அலைந்தாள். கடைசிக் காம்பராவின் கூரை ஓரத்தில் மூன்று கோடு வந்தது. பாழாய்ப் போன மூன்று கோடு. அடுத்த சனிக்கிழமை நானா சொன்ன பூஸ்டர் வந்தது. அந்தக் கூரையில் ஒரு குழாயை நட்டு ஏரியலைக் கட்டி, வயரை எங்கள் காம்பரா வரை இழுத்தோம். அந்த வீட்டுக்காரர்களே ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். வயரை லேசாகத் தளர்த்தி விடலாமா என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் அக்கா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

ஞாயிறு சாயந்தரம் நான்கு கோடு. நான் கூச்சப்படாமல் பேச வேண்டும் என்று அக்கா கதவைச் சாத்திவிட்டு வெளியே போனாள். போன் அடித்தது.

"கேக்குதாங்க?" என்றாள். பக்கத்துக் காம்பராவிலிருந்து பேசுவது போல இருந்தது.

கேக்குது என்று சொல்ல வேண்டும். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டேன். லைன் சரியில்லை என்று இந்தத் தடவை அவளும் சொல்லவில்லை. இனி மறைக்க இடமில்லை என்று ஆனபின் ஒரு மாதிரி தைரியம் வந்தது. இழுத்து, நிறுத்தி, மறுபடி தொடங்கி, "இது லைன் இல்ல. நான்தான். எனக்குத் திக்கும்" என்று சொல்லி முடித்தேன்.

"தெரியுங்க."

"எப்பலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்தே. லைன் கட்டானா எல்லாஞ் சேந்துதான் கட்டாகும். நீங்க நிக்கிறப்ப ஒங்க கொரல் மட்டுந்தான் நிக்கும். ஒங்க வீட்டுத் தகரத்துல மழ பேயிறது கேட்டுக்கிட்டே இருக்கும்."

"அப்ப ஏன் லைன் சரியில்லன்னு சொன்னீங்க?"

"நீங்க வெக்கப்படாம மூச்சு வாங்கிக்கிறணும்னுதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சிக்னல் நான்கு கோடு இருந்ததால் அதையும் அவள் தெளிவாகவே கேட்டிருப்பாள்.