எந்த வளைவிலும் இல்லை

மெஹருன்னிசா இறந்த செய்தியை அவருடைய அண்ணன் ஜமால்தான் தொலைபேசியில் சொன்னார். கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வந்து, நான் வீட்டுப் பூட்டைத் திறந்துகொண்டிருந்த நேரம். "டீச்சர், தங்கச்சி மவுத்தாயிருச்சுங்க. மதுரையிலருந்து கொண்டாந்துக்கிட்டு இருக்கோம். மத்தியானத்துக்குள்ள வந்துருவோம்," என்றார். குரல் உடையவில்லை. அழுது முடித்த பிறகுதான் அழைத்திருக்க வேண்டும்.

பஜாருக்குப் போக டாக்ஸி பிடித்தேன். யார் வீட்டுக்கு, எதற்காக என்று சொன்னதும் ஓட்டுநர் சாவியைத் திருப்பாமல் என் பக்கம் திரும்பினார். "அடடா. எந்த கொண்டை ஊசி பெண்டுலங்க?"

"எந்த பெண்டுலயும் இல்ல. ஆஸ்பத்திரியில."

"அப்படியா?" என்றார். அதில் இருந்தது துக்கம் மட்டுமல்ல. ஓர் ஏமாற்றமும் இருந்தது.

வீட்டில் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது ஓர் அம்மாள் என் காதருகே குனிந்து, "கார்லயாம்மா?" என்று கேட்டார். மாலைக்குள் எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் யாரோ மெழுகுவர்த்திப் படத்துக்குக் கீழே 'வேகம் விவேகமல்ல' என்று போட்டிருந்தார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் அவரை அறிந்தவர்கள். அதனால் முதலில் இதை எழுதிவிடுகிறேன். அவருக்கு வந்தது கணையப் புற்றுநோய். படுக்கையில், அண்ணி கையைப் பிடித்திருக்க, உயிர் போனது. இந்த ஊர் அவருக்காகப் பல வருடங்களாக ஒரு வளைவை ஒதுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தது. அவர் அங்கே போகவே இல்லை.

அதற்காக, அவர் தன் விருப்பப்படி மாற்றிக் கட்டிய அந்தக் காரைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடுவது அவருக்கு மரியாதை என்றும் நான் நினைக்கவில்லை.

அவர் வேதியியல் பாடம் நடத்தினார், நான் புள்ளியியல். ஆசிரியர் அறையில் எதிரெதிர் மேசை. ஒருநாள் அவர் விடைத்தாள் கட்டுக்குப் பக்கத்தில் பழுப்புக் காகிதத்தில் சுற்றிய பிரேக் பேட்கள் இருந்தன; காரின் சக்கரத்தை அழுத்திப் பிடித்து நிறுத்தும் கட்டைகள். நான் எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. ஐம்பதைத் தொடப்போகும் ஓர் ஆசிரியைக்குக் காரைப் பிரித்து மாற்றிக் கட்டும் ஆசை வரும் என்பதையும் நம்பவில்லை.

"வாங்கின காரை வாங்கின மாதிரியே ஓட்டினா என்ன மேடம்?" என்று கேட்டேன்.

"நீங்க வாங்கின சேலைய வாங்கின மாதிரியேவா கட்டுறீங்க? ஃபால்ஸ் வச்சுத் தைக்கல?" என்றார்.

சில மாதங்கள் கழித்து, கோவைப் பக்கம் ஒரு பந்தயத் தடத்தில் அந்தக் காரை ஓட்டப் போவதாகச் சொன்னார். பரிசு உண்டா என்றேன். இல்லை என்றார்.

"அதுக்குப் பேரு டிராக் டே மேடம். ரேஸ் இல்ல. பணத்தைக் கட்டிட்டு அவங்கவங்க வண்டிய அவங்கவங்க ஓட்டுறது."

"சுத்திச் சுத்தியா?"

"சுத்திச் சுத்தி."

"எங்கயும் போய்ச் சேராம?"

"நீங்க தெனமும் வெள்ளனே எந்திரிச்சு ஏரியச் சுத்துறீங்களே, எங்க போய்ச் சேர்றீங்க?"

மறுநாளும் நடக்கத்தான் போனேன்.

கார் சாம்பல் நிறம். ஹேட்ச்பேக் என்கிறார்களே, பின்பக்கமும் ஒரு கதவு வைத்த சின்னக் கார், அந்த வகை. உள்ளே டர்போ எஞ்சின். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பிரசவ டாக்டரின் கார் என்று சொல்லிவிடலாம். பஜாரில் சில இளைஞர்கள், "சைலன்சர மாத்துங்க டீச்சர், சும்மா அதிரும்ல," என்று யோசனை சொன்னார்கள். "சத்தம் போடுறதுக்கு எனக்கு ஸ்டாஃப் மீட்டிங் இருக்குப்பா," என்று சொல்லிவிட்டார்.

எல்லோரும் எஞ்சினிலிருந்து தொடங்குவார்கள். அவர் பிரேக்கிலிருந்து தொடங்கினார். "ஏர்றதுக்கு எஞ்சின் போதும். எறங்குறதுக்குத்தான் கார் வேணும்," என்பார். மலையில் பிறந்து வளர்ந்தவரின் கணக்கு அது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் பெடலை மிதிப்பது பஞ்சுமூட்டையை மிதிப்பது போலாகிவிடும். கொடைக்கானல் மூடுபனியில் இது எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்பதைக் கொதிநிலைப் பாடத்தில் மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். பிறகு டயர். பிறகு ஸ்பிரிங். அதையும் அளவோடுதான் இறுக்கினார். "கல்லு மாதிரிப் போட்டா டிராக்குல பறக்கும். ஆனா பெருமாள்மலை தாண்டுறதுக்குள்ள நம்ம பல்லு கழண்டுரும்." கடைசியாகத்தான் ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினின் கம்ப்யூட்டரில் கணக்குகளை மாற்றி எழுதினார்கள்.

அவர் செய்த தவற்றையும் சொல்ல வேண்டும். அவரே அதை எல்லோரிடமும் சொல்வார். தடத்தில் ஓட்டுவதற்கென்று தனியாக பிரேக் பேட்கள் உண்டு. அவை சூடேறினால்தான் பிடிக்கும். முதல் டிராக் டேக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள், வழியில் நேரம் மிச்சமாகட்டும் என்று அவற்றை வீட்டிலேயே மாட்டிவிட்டார். காலையில் புல்லெல்லாம் உறைபனி. அவர் வீட்டு வாசலிலிருந்து தெரு நேராகச் சரிவது அண்ணன் கடைக்கு. அங்கே கவுஞ்சி கிராமத்துக்காரர் ஒருவர் மலைப்பூண்டு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். மெஹர் பிரேக்கை மிதித்தார். கார் கேட்கவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தார். கார் அவசரமே இல்லாமல் போய்ப் பூண்டு மூட்டைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. மடியில் இட்லிப் பொட்டலத்தோடு பக்கத்தில் நான்.

கவுஞ்சிக்காரர் மூட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பெரிய ரேசு வண்டின்னு சொன்னாக. ஓடுறது கெடக்கட்டும், மொதல்ல நிக்கப் பழக்குங்க," என்றார்.

ஜமால் கடையிலிருந்து வெளியே வந்தார். "படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இருந்த பிரேக்கயும் கெடுத்து வச்சிருக்க."

"கெடலண்ணே. அதுக்குக் குளிருது," என்றார் மெஹர். கவுஞ்சிக்காரர் சிரித்த சிரிப்பில் ஜமாலும் சிரிக்க வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு வழக்கம் வந்தது. சாதாரண பேட்களோடு மலை இறங்குவார். அடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு ஓரம் நிறுத்தி, பாய் விரித்து உட்கார்ந்து, சக்கரங்களைக் கழற்றித் தடத்துப் பேட்களை மாட்டுவார். திரும்பி வரும்போது அதே இடத்தில் மறுபடி மாற்றுவார். மாங்காய் பறிக்கிற பெண்கள் சுற்றி நின்று, "பஞ்சரா டீச்சர்?" என்று கேட்பார்கள். "இல்லக்கா, செருப்பு மாத்துது," என்பார்.

அந்த முதல் முறை தடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு பையன் ஓடிவந்து, "ஆன்ட்டி, டிரைவர் எங்க? பேப்பர்ல கையெழுத்து வாங்கணும்," என்றான். "பேனாவக் குடு," என்றார் மெஹர்.

அவர் எல்லோரையும் முந்திச் சென்று அந்தப் பையன் வாயைப் பிளந்தான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அவரைவிட வேகமானவர்கள் பலர் இருந்தார்கள். ஒரு சுற்றில் அவர் தடத்தை விட்டு விலகிப் புல்லில் சுழன்று, வந்த திசையைப் பார்த்து நின்றார். இறங்கி வந்து, "பேராசை. வேறொண்ணுமில்ல," என்றார். பிறகு என்னை உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டினார். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் பிரேக், அப்புறம் ஸ்டியரிங், அப்புறம்தான் வேகம். நான் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். வகுப்பிலும் வீட்டிலும் நான் பார்த்தறியாத முகம். யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத முகம்.

ரோட்டில் அவர் மாட்டுவண்டி போல ஊர்ந்தார் என்று சொல்லி அவரை நல்ல பிள்ளையாக்க மாட்டேன். பூம்பாறை தாண்டி, ஆளில்லாத நேரான சாலையில், காலை நன்றாகவே அழுத்தியிருக்கிறார். ஆனால் அந்தப் பக்கம் தெரியாத வளைவில் ஒருபோதும் இல்லை. "காட்டெருமை ஹாரன் அடிச்சுக்கிட்டு வராது மேடம்," என்பார். அவருக்குப் பின்னால் சுற்றுலா வேன்கள் ஹாரன் அடித்துக் கத்தும். வழிவிடுவார்.

கல்லூரி இரங்கல் கூட்டத்தில் பேசும்படி என்னைக் கேட்டார்கள். முதல்வர் தனியாக அழைத்து, "அவங்க டெடிகேஷன், எளிமை, இதப் பத்திப் பேசுங்க. அந்தக் கார் விஷயம் வேணாமே மேடம். பேரன்ட்ஸ்லாம் வர்றாங்க," என்றார். நான் மேடையில் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்று பேசியதும் கொஞ்சம்தான். பேசியதெல்லாம் கார் பற்றி.

கூட்டம் முடிந்ததும் ஜமால் வந்தார். "நீங்க பேசுனதுல தப்பில்ல டீச்சர். ஆனா வண்டிய நான் இப்படியே வச்சிருக்க முடியாது. வத்தலக்குண்டு ஒர்க்‌ஷாப்புல சொல்லிட்டேன். அவ போட்டதெல்லாம் கழட்டிட்டு, கம்பெனியில வந்த மாதிரி ஆக்கிக் குடுத்துருவாக. பொறவு வித்துரலாம்."

"எதுக்கண்ணே கழட்டணும்?"

"நாளைக்கு வாங்குறவன் எங்கயாச்சும் போய் விழுந்தா? அந்தப் பொம்பள செஞ்ச வண்டின்னு அவ பேர்லதான வந்து விடியும்? செத்தும் அவளப் பேசணுமா ஊரு?"

அவர் பயம் எனக்குப் புரிந்தது. அது அன்பில்லாதவர் பயம் இல்லை. ஆனால் கழற்றிவிட்டால், மெஹர் தன் அறிவாலும் கையாலும் செய்த ஒரே பொருள் இல்லாமல் போகும். ஊர் சொன்னது சரிதான் என்று வீட்டாரே ஒப்புக்கொண்டதாகவும் ஆகும்.

"அந்தக் கார்ல என்னைக்காவது உக்காந்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்கு? கடை வேன் கெடக்கு."

"வத்தலக்குண்டுக்கு நீங்களே ஓட்டிட்டுப் போங்க. நானும் வர்றேன்."

மறுநாள் காலை இறங்கினோம். ஜமால் கடை வேனை ஓட்டுவது போலவே ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் பிரேக், வளைவு முடிந்த பிறகும் பிரேக். கால் அங்கிருந்து எழவே இல்லை. பெருமாள்மலை, ஊத்து, எல்லாம் தாண்டினோம். அடிவாரத்தில் செக்போஸ்ட் தாண்டியதும் ஓரம் கட்டி இறங்கினார். உடம்புக்கு முடியவில்லையோ என்று நானும் இறங்கினேன். அவர் முன் சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து மூக்கை நீட்டி மோந்து பார்த்தார். எழுந்து போய் அந்தப் பக்கச் சக்கரத்தையும் மோந்தார்.

இந்த மலையில் சரக்கு வண்டி ஓட்டுகிற எவருக்கும் அந்த வாடை தெரியும். தேய்ந்து, சூடேறி, கருகுகிற பிரேக்கின் வாடை. அடிவாரத்துக்கு வருகிற ஒவ்வொரு வண்டியும் அதைக் கொண்டுவரும். ஜமாலின் வேன் இதே இடத்தில் நின்று ஆறிய பிறகுதான் நகரும்.

"ஒரு வாடையும் இல்ல டீச்சர்," என்றார்.

"ம்."

"வழி பூராம் மிதிச்சுக்கிட்டேல்ல வந்தேன்."

"பார்த்தேன்."

"முப்பது வருசமா இந்த எறக்கத்துல உசிரக் கையில பிடிச்சுக்கிட்டு எறங்குறேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாருங்க, இந்தப் புள்ள."

"சொன்னாங்கண்ணே. 'வேனை ஒரு நாள் விடுண்ணே, பிரேக்கப் பாத்துத் தர்றேன்'னு எத்தன தடவ கேட்டாங்க? என் முன்னாடியே கேட்டிருக்காங்க."

அவர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா. 'ஒஞ்சோலியப் பாரு'ன்னேன்," என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் மாறிவிட்டது. நான் சாலையின் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நிதானமாக அழட்டும் என்று விட்டேன்.

பிறகு மூக்கைச் சிந்திவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தார். "ஏலே, கார்ல ஒண்ணையும் கழட்ட வேணாம். நாளைக்கு வேனைக் கொண்டாரேன். தங்கச்சி இதுல என்ன போட்டுச்சோ, அதையே அதுலயும் போடு... பொருந்தாதா? பொருந்துறதப் போடு. வெரசாப் போடு." போனை வைத்துவிட்டுக் காரைத் திருப்பினார். ஏற்றத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் அழுத்தினார். டர்போ இழுத்த இழுப்பில், "யா அல்லா," என்றார். அதற்கப்புறமும் காலை எடுக்கவில்லை.

ஊர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. கார் கடை வாசலில் உறை போடாமல் நிற்கிறது. யார் கேட்டாலும் "என் தங்கச்சி செஞ்சது" என்கிறார் ஜமால். விற்கும் பேச்சே இல்லை.

மெஹர் தடத்தில் ஓட்டும்போது போட்டுக்கொண்ட ஹெல்மெட்டை எனக்குக் கொடுத்தார்கள். புள்ளியியல் புத்தகங்களைத் தள்ளி, அலமாரியின் நடுத்தட்டில் அதை வைத்திருக்கிறேன். வெள்ளை நிறம், தாடைப் பக்கம் ஒரு கீறல், உள்ளே இன்னும் அவர் தலையெண்ணெய் மணம். வீட்டுக்கு வருகிறவர்கள் யாருடையது என்று கேட்கிறார்கள். என் சிநேகிதியுடையது என்கிறேன். எதற்கு என்கிறார்கள். வேகமாகப் போவதற்கு என்கிறேன். அதற்கு மேலும் விளக்கம் எதிர்பார்த்துச் சிலர் என் முகத்தையே பார்ப்பார்கள். அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.