சாமித்தட்டுக்குக் கீழே நான்கு டயர்கள்

குடிபெயர்ந்து வந்த குளிர்நாட்டில், ரொம்சோஸில் நாங்கள் இருந்த வீட்டின் வரவேற்பறையில், சாமித்தட்டுக்குக் கீழே, பழைய போர்வை சுற்றிய நான்கு டயர்கள் ஓர் இலையுதிர்காலம் முழுவதும் கிடந்தன. அண்ணா அவற்றை நிலவறையிலிருந்து தூக்கி வந்த அன்று அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "செருப்பையே வெளியில கழட்டிப்போட்டு வாற வீடு இது. றோட்டில உருண்டதைக் கொண்டந்து சாமிக்கு முன்னால வைக்கிறாய்." கழுவித்தான் கொண்டுவந்ததாகவும், குளிரில் கிடந்தால் இறப்பர் இறுகிவிடும் என்றும் அண்ணா சொன்னான். "உனக்குக் குளிருமெண்டு ஒருநாள் தொப்பி போட்டிருக்கிறியோ?" என்று கேட்டுவிட்டு அம்மா வழிவிட்டார்.

அண்ணா ஓடியது ஓட்டோகிராஸ். அகன்ற தார்த்தரையில் கூம்புகளை நட்டு வளைவு வளைவாகப் பாதை அமைத்திருப்பார்கள். ஒவ்வொரு காராக ஓடவேண்டும், யாருக்குக் குறைந்த நேரம் என்பதுதான் போட்டி. டயர்கள் வீட்டுக்குள் வருமுன் நடந்த ஓட்டத்தில் காரின் பக்கத்தை நெளித்துக்கொண்டு வந்திருந்தான். "இன்னொருக்கால் எங்கையாவது அடிச்சியெண்டால் காரை வித்துப்போடவேணும்" என்று அப்பா சொல்ல, அண்ணா தலையைக் குனிந்தபடி "ஓம்" என்றான். அப்பாவிடம் ஒரு சொல் கொடுத்தால் எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு பேச்சில்லை. அந்தப் பருவத்தின் கடைசி ஓட்டம் மட்டும் மிச்சமிருந்தது, குளிரும் முந்திக்கொண்டு வந்துவிட்டது. குளிர்கால டயர் குளிரிலும் இளகியே இருக்கும், ஆனால் காய்ந்த தாரில் அதன் தடித்த பற்கள் நெளிவதால் கார் வளைவில் சற்றுப் பிந்தியே திரும்பும். மென்மையான கோடை டயர் சூடாக இருக்கும்வரை தரையை விடாது, ஆறிவிட்டால் பிளாஸ்டிக் போலாகிவிடும். அண்ணா தினமும் போர்வையை விலக்கி, கட்டைவிரல் நகத்தை இறப்பரில் அழுத்திப் பார்ப்பான். எதைப் போடலாம் என்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என்னிடமும் கேட்டான். குளிர்கால டயரையே போடச் சொன்னேன். "நீ பயந்தாங்கொள்ளி, தங்கச்சி" என்று சிரித்துவிட்டு, சாமித்தட்டுக்குக் கீழே சூடாக இருந்த கோடை டயர்களையே போர்வையோடு காரில் ஏற்றினான்.

நானும் கூடப் போனேன். திடலில் கையுறையோடு டயர்களை மாற்றும்போது அவற்றின்மேல் மங்கலாக ஒரு வெண்படலம் தெரிந்தது. உறைபனி என்று நினைத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டான். இரண்டாவது வளைவில் அவன் திருப்பியும் கார் திரும்பவில்லை. நேரே வழுக்கிக்கொண்டு போய் ஓரத்துக் கொங்கிறீற் கட்டையில் முகத்தைக் கொடுத்து நின்றது. அவனுக்கு ஒன்றுமில்லை. இறங்கி, கையுறையைக் கழற்றி, வழக்கம்போல நகத்தை டயரில் வைத்தான். நகத்துக்குள் வெள்ளையாக ஏதோ சேர்ந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு விரலை என் பக்கம் நீட்டினான். சனிக்கிழமை தலைமுழுக்கின் தேங்காயெண்ணெய் வாசனை. குளிர் தொடங்கினால் எங்கள் கன்னம் வெடிக்கும் என்று தேங்காயெண்ணெய் தடவுகிறவர் அம்மா. டயரிலும் சின்னச்சின்ன வெடிப்புகளைக் கண்டு, முதல்நாள் இரவு அதையே தடவிவிட்டிருக்கிறார். திடலின் குளிரில் அது உறைந்துவிட்டது.

"அம்மாவுக்குச் சொல்லாதை" என்று மட்டும் சொன்னான்.

வீட்டில் அப்பா கேட்டபோது அம்மா அடுப்பை விட்டுவந்து குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தார். அண்ணா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "நான்தான் பிழையான டயரைப் போட்டிட்டன்." கார் விற்கப்பட்டது. அதன்பிறகு அவன் எந்தத் திடலுக்கும் போகவில்லை.

இப்போது நான் அதே நகரின் இன்னொரு பகுதியான ட்வெய்ட்டாவில் இருக்கிறேன். மகளைப் பார்த்துக்கொள்ள அம்மா எங்களோடு இருக்கிறார். இன்று காலை காரின் கண்ணாடியில் முதல் உறைபனி. குளிர்கால டயர் போட நாள் பதியவில்லையே, பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகலாமா, ட்ரிக்கன் ரயிலில் கூட்டிப்போவதா என்று மனம் அலைந்தது. வேறு ஊரில் இருக்கும் அண்ணாவுக்குப் போன் எடுத்தேன். "இண்டைக்கே மாத்து. அதுவரைக்கும் காரைத் தொடாதை" என்றான். பின்னாலிருந்து அம்மா சிரித்தார். "டயரைப் பற்றி ஆரிட்டைக் கேக்கிறாய் பிள்ளை? பிழையானதைப் போட்டு இடிச்சவனிட்டையோ?"

அம்மா சொன்னது தொலைபேசியில் அண்ணாவுக்கும் கேட்டிருக்கும். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எத்தனை வருடமாக அவன் இதைக் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும்? ஆனால் சொன்னால், அம்மா அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையைத்தான் பயமில்லாமல் தொடுவார்? "விடு தங்கச்சி" என்று அவன் மெதுவாகச் சொன்னான். நான் வாயை மூடிக்கொண்டேன். செய்தது சரிதானா என்று இதை எழுதும்போதும் தெரியவில்லை.

அம்மா போத்தலில் உறைந்திருந்த எண்ணெயைக் கரண்டிக்காம்பால் தோண்டி, உள்ளங்கையில் தேய்த்து உருக்கி, மகளின் கன்னங்களில் தடவினார். அவள் கண்ணை மூடி முகத்தை நிமிர்த்திக் கொடுத்தாள். அவளுக்கு நல்லதென்று நான் தினமும் செய்கிறவை வரிசையாக நினைவுக்கு வந்தன. அவற்றில் எது அவளை எந்த வளைவில் வழுக்கவைக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ட்ரிக்கனுக்கு நடக்கும்போது நின்று, கையுறையைக் கழற்றி, அவள் கன்னத்தில் என் கட்டைவிரல் நகத்தை மெல்ல வைத்துப் பார்த்தேன். வெள்ளையாக ஒன்றும் வரவில்லை. வாசனை மட்டும் வந்தது.