துளசியின் காலில் இறுகிய மெட்டி

மலேசியாவில், லகாட்டில் இருக்கும் என் தங்கை துளசிக்குக் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் யார் எதைக் கேட்டாலும் கோபம் வந்தது. மெல்பர்னில் உட்கார்ந்துகொண்டு காலையும் மாலையும் போன் போட்டுக் கேட்ட என்மேலும் வந்தது.

"தலை வலிக்குதா? கண்ணு மங்கலா தெரியுதா? மூஞ்சி வீங்கியிருக்கா?"

"மூஞ்சி நல்லாத்தான் இருக்குக்கா. கால் ரெண்டும்தான் ஆவியில வெந்த பாவ் ரொட்டி மாதிரி உப்பிக் கெடக்கு. நீ போன வை."

ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் அவளுக்கு நின்றபடியே வேலை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் நெஞ்சு எரிந்து, புளிப்பாக மேலே வரும். இடுப்பு விட்டுப்போகும். அடிக்கடி ஒன்றுக்குப் போனால் சூப்பர்வைசர் முறைப்பார். படுத்தால் கெண்டைக்கால் சுருட்டி இழுக்கும். கணவன் தீபனிடம் சொன்னால், "பியாசா லா, சாதாரணம்தான், எல்லாருக்கும் வர்றதுதானே" என்று திரும்பிப் படுத்துக்கொள்வான். மாமியார் செல்லாயியும் அதையேதான் சொன்னார். "நான் இதே வயித்தோட ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுனேன்" என்று கூடவே ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

எல்லாருக்கும் வருவது என்றால் வலிக்காது என்று இவர்களுக்கு யார் சொன்னது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வலது கால் மெட்டியைச் சோப்புப் போட்டுக் கழற்றிவிட்டாள். இடது கால் மெட்டி வரவில்லை. வீங்கிய சதைக்குள் வெள்ளி புதைந்து, வேலைச் சப்பாத்து அதன்மேல் அழுத்தி, விரல் நீலம் பாரித்துவிட்டது.

கிளினிக்கில் நர்ஸ், மிஸ்ஸி தினேஸ்வரி, ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்த்தார். இரண்டும் சரியாகவே இருந்தன.

"கால் வீங்குறது சாதாரணம்தான். மூஞ்சியோ கையோ திடீர்னு வீங்குனா, தலை வலிச்சா ஒடனே வரணும். ஆனா இந்த மெட்டிய இன்னிக்கே வெட்டி எடுத்துரு. வெரலுக்கு ரத்தம் போவல."

வீட்டில் செல்லாயி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"தாலி கட்டுனவன் ஜொகூர் ரோட்டுல லாரி ஓட்டிக்கிட்டிருக்கான். நீ இப்பப் போயி மெட்டிய வெட்டுறேங்கிற."

"அவரு உசுரு என் கால் வெரல்லயா இருக்கு? அப்ப லாரிக்கு பிரேக் எதுக்கு அத்தை?"

தீபனுக்குப் போன் போட்டாள். "அம்மா மனசு நோவாம பாத்துக்க. நாளைக்கு வாரேன், பேசிக்கலாம் லா" என்றான்.

துளசி வீங்கிய காலில் செலிப்பார் செருப்பை மாட்டினாள். கிராப் டாக்சி ஒன்றைக் கூப்பிட்டு நேரே ஈப்போவில் இருக்கும் பொம்பாவுக்கு, தீயணைப்பு நிலையத்துக்குப் போனாள். விரலில் மோதிரம் சிக்கினால் தீயணைப்புக்காரர்களிடம்தான் போகவேண்டும் என்பது பேராக் மாநிலத்தில் யாருக்குத்தான் தெரியாது? ஆனால் பெரிய வயிற்றோடு காலை நீட்டிக் காட்டியவள் அன்று இவள் ஒருத்திதான்.

ஸைஃபுல் என்ற பொம்பாக்காரர் தரையில் உட்கார்ந்து அவள் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு மலாயில் பேசினார்.

"கை மோதிரம் நெறைய வெட்டியாச்சுக்கா. கால் மோதிரம் இதான் மொதல். புருசன் வரலியா?"

"அவருக்காகத்தான் இத வெட்டாம வச்சிருந்தாங்க."

அவருக்குப் புரியவில்லை. மெட்டிக்கும் சதைக்கும் நடுவில் மெல்லிய தகட்டைச் செருகி இரண்டு இடத்தில் அறுத்தார். வெள்ளி விட்டதும் ரத்தம் பாய்ந்து விரல் எரிந்தது. அப்போதுதான் துளசி அழுதாள். வலியால் அல்ல, ஆத்திரத்தால். முன்பின் தெரியாத ஒருவர் கேட்காமலே தூக்கிப் பிடித்த காலை, வீட்டில் ஒருவரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு துண்டுகளையும் செல்லாயியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"உங்க மகன் வந்ததும் அவரு கால்ல மாட்டிவிடுங்க. அவரு உசுர அவரே பாத்துக்கட்டும்."

செல்லாயி அவற்றைக் கைக்குள் மூடிக்கொண்டார். மறுநாள் மத்தியானம் லாரிச் சத்தம் கேட்கும்வரை வாசலைவிட்டு நகரவில்லை.

தீபன் முழுதாகத்தான் வந்தான். அம்மா நீட்டிய துண்டுகளைப் பார்த்துவிட்டு அறைக்குள் போனான். துளசி இடப்பக்கமாகச் சாய்ந்து, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தாள். விரலைச் சுற்றிக் கறுத்த பள்ளம் ஒன்று விழுந்திருந்தது. அவன் குனிந்து அதைத் தொட்டான்.

"வலிக்குதா?"

ஏழு மாதத்தில் அவன் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பியாசா லா," என்றாள் துளசி. காலை இழுத்துக்கொண்டாள்.