முருங்கைக்காய்ப் பெட்டி தந்த சூடு

போன வருடம் தை மாதம், ஜேர்மனியில் கொலோனிலிருந்து பான் போகிற அவுட்டோபான் நெடுஞ்சாலை ஓரத்தில் உள்ள ஒரு வாகனத் தரிப்பிடத்தில் நடந்தது இது. விடிந்தும் வெளிச்சம் வராத ஒரு காலை நேரம். கண்ணாடியில் பிடித்த பனி சுரண்டச் சுரண்டத் திரும்பப் பிடிக்கிற குளிர். இப்போது நினைத்தாலும் கூசிப்போகிறேன்.

முதலில் எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் லொறி ஓட்டுவது என் மனைவி. பின்னால் பெட்டி வைத்த, பழைய, நடுத்தர அளவு லொறி. மொத்தச் சந்தையில் முருங்கைக்காய், கத்தரிக்காய், வாழைப்பொத்தி, கறிவேப்பிலை என்று ஏற்றிக்கொண்டு கொலோன், பான் பக்கத்துத் தமிழ்க் கடைகளுக்கு இறக்குவது அவளுடைய சொந்த வியாபாரம். லொறி லைசென்ஸுக்கு ஜேர்மன் மொழியில் படித்து, சோதனை எழுதி, ஓடிக் காட்டி எடுத்தவள் அவள். என்னிடம் இருப்பது கார் லைசென்ஸ் மட்டும். எனக்கு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற வேலை.

ஆனால் எஞ்சின் என்று வந்துவிட்டால் வீட்டில் நான்தான் ராசா. இந்த நாட்டுக்கு வரமுதல் வவுனியாவில் ஒரு கராஜில் லொறி திருத்தியவன் நான். இங்கே அந்த அனுபவத்தை ஒருவரும் கேட்கவில்லை. அதற்கான படிப்புச் சான்றிதழ் இல்லாதவனை எந்தக் கராஜும் உள்ளே எடுக்காது. அதனால் மனைவி லொறி வாங்கியபோது அவளைவிட நான்தான் துள்ளிக் குதித்தேன்.

வாங்கிய முதல் கோடையில், பாரத்தோடு ஏற்றம் ஏறும்போது சூடு காட்டும் ஊசி மேலே போகிறது என்று அவள் வந்து சொன்னாள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை லொறிக்குக் கீழே புகுந்து தேர்மோஸ்டற்றைக் கழற்றி எடுத்துவிட்டேன். எஞ்சினுக்கும் ரேடியேற்றருக்கும் நடுவில் நிற்கிற சின்னக் கதவு அது. எஞ்சின் சூடாகும்வரை மூடி நிற்கும், சூடானபிறகு திறந்து தண்ணீரை ரேடியேற்றருக்கு ஆற விடும். எங்கள் ஊர் வெயிலில் எஞ்சினைச் சூடாக்க ஒரு கதவு எதற்கு? வந்த லொறிக்கெல்லாம் அதைக் கழற்றி எறிவதுதான் எங்கள் கராஜின் வழக்கம். ஊசி கீழே நின்றால் லொறிக்காரன் சந்தோசமாகப் போவான். இங்கேயும் அதையே செய்தேன். ஊசி அடியோடு படுத்துவிட்டது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை.

கார்த்திகை பிறந்ததும் மனைவியின் முறைப்பாடு தொடங்கியது.

“இஞ்சாருங்கோ, ஹீற்றரிலை சூடே வருதில்லை. உள்ளுக்கை இருக்க ஏலாமல் கிடக்கு.”

நான் பார்க்காமல் விடவில்லை. காற்று ஊதும் மோட்டரைக் கழற்றித் துடைத்தேன். குழாயில் காற்று அடைத்திருக்குமோ என்று அதை எடுத்துவிட்டேன். ஹீற்றருக்குள் இருக்கும் குட்டி ரேடியேற்றரைத் தண்ணீர் அடித்துக் கழுவினேன். எல்லாம் சரியாக இருந்தது. நான் கழற்றிய சாமானை மட்டும் நினைத்துப் பார்க்கவில்லை. ஹீற்றருக்கு வந்தது ஏதோ ஒரு பழுது, ஊசி கீழே நிற்பது என்னுடைய கெட்டித்தனம் என்று இரண்டையும் வேறு வேறாக வைத்திருந்தேன். நான் திருத்திய லொறிகளில் ஒன்றிலாவது ஹீற்றர் இருந்ததில்லை. எஞ்சின் சூடுதான் ஹீற்றரில் வருகிறது என்பது தெரியாத விஷயமில்லை. ஆனால் மண்டைக்குள் ஏறவில்லை, அல்லது ஏற விடவில்லை.

“ஊசியைப் பாரும், எவ்வளவு கீழை நிக்குது. எஞ்சின் சோக்காய் ஓடுது. உமக்குத்தான் உடம்பிலை இரத்தம் காணாது. பீற்றூட் வாங்கிச் சாப்பிடும்,” என்றேன்.

அவள் பாவம், உண்மையாகவே பீற்றூட் வாங்கிச் சமைத்தாள்.

ஒருநாள் தயங்கித் தயங்கி, கராஜில் ஒருக்கா காட்டுவோமா என்று கேட்டாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வீட்டில் ஒரு மெக்கானிக்கை வைத்துக்கொண்டு வெளியே கொண்டுபோய்க் கொடுப்பதா என்று சத்தம் போட்டேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. நான் அதோடும் நிற்கவில்லை. சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாள் ஒன்றில், “இவவுக்குச் சித்திரை வெயிலிலையும் ஹீற்றர் வேணும்” என்று சொல்லி மேசையில் இருந்தவர்களைச் சிரிக்க வைத்தேன். அவளும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள்.

இப்படியே தை வந்தது. அன்று எனக்கு வேலை இல்லாத நாள். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க போன் வந்தது.

“இஞ்சாருங்கோ, எனக்கு முன்னாலை ஒண்டும் தெரியேல்லை. ஓரங்கட்டிப்போட்டு நிக்கிறன். பொலிசும் வந்திட்டுது. ஒருக்கா வாங்கோவன்.”

ஸ்பனர் பையைத் தூக்கிக் காரில் எறிந்துவிட்டு ஓடினேன்.

தரிப்பிடத்தில் எங்கள் லொறி நின்றது. பக்கத்தில் ஒரு பொலிஸ்காரி. லொறிக்கு முன்னால் மஞ்சள் ஜக்கெற் போட்ட ஒரு பெரிய மனிதர், வழியில் நின்றுபோகிற வாகனங்களுக்கு உதவி செய்கிறவர். மனைவி கம்பளித் தொப்பியோடு, உதடு நீலம் பாரித்து, கைகளைக் கக்கத்துக்குள் வைத்தபடி நின்றாள். நான் ஸ்பனர் பையோடு வந்ததைக் கண்ட அந்த மனிதர், நீங்களும் மெக்கானிக்கா என்று ஜேர்மனில் கேட்டார். “யா, யா,” என்று தலையாட்டினேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு எனக்குக் கை தந்தார். இந்த நாட்டில் என்னை மெக்கானிக் என்று நினைத்துக் கை தந்த முதல் ஆள் அவர்தான். அந்த நேரத்திலும் எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

எஞ்சினை இயக்கிவிடலாம் என்று லொறியில் ஏறினேன். ஏறியவன் அப்படியே நின்றுவிட்டேன். சீற்றில் சுடுதண்ணீர்ப் பை ஒன்று, ஐஸ்போலக் குளிர்ந்து கிடந்தது. கீழே, கால் சுற்றுகிற கம்பளி. முன்கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க அவளுடைய மூச்சு வெண்பனியாய் உறைந்திருந்தது. நடுவில் ஓர் உள்ளங்கை அளவுக்கு மட்டும் சுரண்டியிருந்தாள். சுரண்டிச் சுரண்டி மூலை தேய்ந்துபோன பிளாஸ்ரிக் அட்டை ஒன்று ஸ்ரியறிங்குக்கு மேலே இருந்தது. ஒரு நாளில் தேய்கிற தேய்வு இல்லை அது. கோதாரி, இப்படியா இவள் இவ்வளவு நாளும் லொறி ஓடினாள்!

அந்த மனிதர் எஞ்சினை ஓடவிட்டு, குழாய்களைக் கையால் தொட்டுப் பார்த்தார். நானும் தொட்டுப் பார்த்தேன். எஞ்சின் சூடேறுவதற்கு முன்பே ரேடியேற்றருக்குப் போகிற தடித்த குழாயிலும் இளஞ்சூடு வந்துவிட்டது. நடுவில் மூடி நிற்கவேண்டிய கதவு நின்றிருந்தால் அந்தக் குழாய் அப்போது சில்லென்று இருந்திருக்க வேண்டும். என் கை குழாயிலேயே ஒட்டிக்கொண்டது போல் இருந்தது. எல்லாம் அந்த நிமிடமே விளங்கிவிட்டது. கோடையில் நான் கழற்றியது. நான்.

அவர் டோர்ச் அடித்து உள்ளே பார்த்தார். தேர்மோஸ்டற் இருக்கவேண்டிய மூடியைச் சுற்றி, நான் பூசிய சிவப்புப் பசை பிதுங்கிக் காய்ந்து கிடந்தது. உள்ளே தேர்மோஸ்டற் இல்லைப்போல, யார் இதைத் திறந்தது என்று கேட்டார்.

மனைவி எனக்குத் தமிழில் சொன்னாள். “இதை ஆர் திறந்ததெண்டு கேக்கினம்.”

எனக்கு ஜேர்மன் அவ்வளவு வராதுதான். ஆனால் அந்தக் கேள்வி விளங்காமல் இல்லை. பொலிஸ்காரியும் என்னைத்தான் பார்த்தாள். நான் மனைவியின் முகத்தைப் பார்க்காமல், “தெரியாதெண்டு சொல்லும்,” என்றேன்.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். சிவப்புப் பசையைப் பார்த்தாள். அந்தப் பசைக் குழாயைக் கடையில் வாங்கி வந்தவளே அவள்தான். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி ஜேர்மனில் சொன்னாள். லொறி கோடையில் சூடேறியதும் பயந்துபோய், தெரிந்த ஒரு ஆளைக்கொண்டு தான்தான் கழற்றுவித்தாளாம். எங்கள் நாட்டில் அப்படித்தான் செய்வார்களாம். இந்தக் குளிருக்கு அது ஆகாது என்று தனக்குத் தெரியாதாம்.

பொலிஸ்காரி அவளைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடி தெரியாமல் லொறி ஓட்டுவது விளையாட்டில்லை, ஆளைக் கொன்றிருப்பாய், உன்னுடைய லைசென்ஸே போயிருக்கும் என்று, ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். லைசென்ஸ் போனால் அவளுடைய வியாபாரம் அன்றோடு சரி. நான் பக்கத்தில் ஸ்பனர் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதாவது வாயைத் திறந்து, அது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லும் அளவு ஜேர்மன் எனக்கு வரும். சொல்லவில்லை.

கடைசியில் பொலிஸ்காரி கொஞ்சம் தணிந்து, என்னைக் காட்டி அவளிடம் சொன்னாள். உங்கள் கணவருக்கு எஞ்சின் தெரிகிறது, கூப்பிட்டவுடன் ஓடிவந்திருக்கிறார், இனிமேல் எதைச் செய்தாலும் அவரைக் கேட்டுச் செய்யுங்கள் என்றாள்.

மனைவி தலையாட்டினாள். “யா,” என்றாள்.

அந்த இடத்தில் நிலம் பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மஞ்சள் ஜக்கெற் மனிதர் லொறிப் பெட்டியைத் திறக்கச் சொல்லி ஒரு முருங்கைக்காய்ப் பெட்டியின் காட்போட் மட்டையைக் கேட்டார். அதைக் கிழித்து, ரேடியேற்றரின் முன்பக்கத்தில் பாதியை மறைத்துக் கட்டினார். குளிர்காற்று குறைவாகப் பட்டால் எஞ்சின் சூடேறும், வேலையை முடிக்கும் வரை போதும், ஊசியில் கண் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கொஞ்ச நேரத்தில் ஊசி அசைந்து மேலே வந்தது. உறைந்த கண்ணாடி கீழிருந்து மெல்ல மெல்லத் தெளிந்தது. உடனே திருத்தவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் பொலிஸ்காரி போக விட்டாள்.

காரை அங்கேயே விட்டுவிட்டு நானும் லொறியில் ஏறிக்கொண்டேன். அவள் ஓட்டுகிற லொறியில் குளிர்காலத்தில் நான் ஏறியது அதுதான் முதல் தடவை. ஹீற்றரில் இருந்து சூடு வரவர, அவள் ஒரு கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினாள். பிறகு மற்றதை. விரல்கள் வெடித்து, நுனி சிவந்து கிடந்தன. அன்று காலை முன்னால் போன கார் சடாரென்று நின்றதையும், சிவப்பு வெளிச்சத்தைக் கடைசி நேரத்தில்தான் கண்டதையும், மயிரிழையில் லொறி நின்றதையும் அப்போதுதான் சொன்னாள். அந்தக் காரின் பின் சீற்றில் ஒரு பிள்ளை இருந்ததாம்.

ஹீற்றர் காற்றை அவளுடைய கைகளின் பக்கம் திருப்பிவிட்டுக் கேட்டேன்.

“ஏன் அப்பிடிச் சொன்னனீர்?”

“உங்கடை ஜேர்மனிலை நீங்கள் விளங்கப்படுத்தி முடிக்க, கறிவேப்பிலை எல்லாம் குளிரிலை கருகிப்போயிடும்,” என்று சிரித்தாள். பிறகு றோட்டைப் பார்த்தபடியே, “அந்த மனுசன் உங்களை மெக்கானிக் எண்டு நினைச்சுக் கை தந்தவர். உங்கடை முகத்தைப் பாத்தனான். அதை நான் ஏன் கெடுப்பான்?” என்றாள்.

நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை.

சனிக்கிழமை, கழற்றிய தேர்மோஸ்டற்றைத் தேடி எடுத்து, சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து அதற்குள் போட்டுப் பார்த்தேன். சூடேறியதும் அது அழகாக வாயைத் திறந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. கோடையில் சூடேறியது, ரேடியேற்றரின் முன்பக்கம் தூசியும் பஞ்சும் அடைத்திருந்ததால். கழுவியிருந்தால் போதும். மனைவி அடுப்படிக்கு வந்து சட்டியை எட்டிப் பார்த்தாள்.

“இதுவோ அது?”

“ஓம்.”

“இவ்வளவு நாளும் வீட்டிலையே கிடந்ததோ?”

“ஓம்.”

திரும்பிப் போய் வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள். அவள் நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதைத் திரும்பப் பூட்டினேன். ரேடியேற்றரைக் கழுவினேன். ஊசி நடுவில் வந்து நின்றது.

சில கிழமை கழித்து அதே சொந்தக்காரர் வீட்டில் இன்னொரு விருந்து. அதே மேசை. என் மச்சான் என் பழைய பகிடியை எடுத்துவிட்டார். “என்ன, இப்பவும் ஹீற்றர் காணாதோ?” எல்லோரும் சிரித்தார்கள். இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும் என்று நான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“இல்லை, இப்ப நல்ல சூடு. இவர்தான் திருத்தித் தந்தவர்.”

மச்சான் என் முதுகில் தட்டினார். கெட்டிக்காரன் என்றார்கள். அவள் என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு வடையை வைத்து, “சாப்பிடுங்கோ,” என்றாள். அன்றைக்கும் நான் பேசாமல்தான் இருந்தேன்.

அந்த மேசையில் இருந்தவர்களில் யாராவது இதை வாசித்தால் அறிந்துகொள்ளட்டும். நான் ஒன்றையும் திருத்தவில்லை. நான் பிடுங்கியதைத் திரும்ப வைத்தேன், அவ்வளவுதான். இந்தக் குளிர்காலமும் அவள் காலையில் லொறியை எடுக்கும்போது நான் ஓடிப்போய் ஏறி, காற்று வருகிற இடத்தில் கையை வைத்துப் பார்க்கிறேன். நல்ல சூடு வருகிறது. ஆனால், எதைச் செய்தாலும் கணவரைக் கேட்டுச் செய் என்று ஒரு பொலிஸ்காரி சொன்னதும், அதற்கு என் மனைவி நீலம் பாரித்த உதட்டோடு தலையாட்டியதும், அந்தச் சூட்டில் கை வைக்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருகிறது.