கரையில் உட்கார்ந்த காலை

நன்னிலம் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் பதினாறு வருஷமாக மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். என்னைப் பற்றிச் சொல்ல எங்கள் தெருவில் யாருக்கும் பெரிதாக ஒன்றும் இருக்காது. நான்கு பேர் கூடினால் ஓரமாக நின்று கேட்டுவிட்டு வருகிறவள்.

அந்த ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை. தெருவுக்குப் பின்னால் ஓடும் வடிகால் வாய்க்கால் கரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதற்கு அந்தப் பக்கம் வயல். நட்டு இருபது நாள்கூட ஆகாத சம்பா முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது. இந்தப் பக்கம் பள்ளத்தில் எங்கள் முப்பது வீடுகள். எங்கள் கரையை வெட்டிவிட்டால் வயல் பிழைக்கும், வீடுகள் முழுகும்.

ஐந்தாம் நாள் காலை, தெரு ஆண்கள் மனு கொடுக்கத் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தார்கள். கொல்லைக் கதவைத் திறந்தேன். அக்கரை ஊர்க்காரர்கள் எட்டுப் பேர் மண்வெட்டியோடு எங்கள் கரையில் நின்றார்கள். என்ன நினைத்து ஓடினேன் என்று இன்றும் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் பக்கவாதம் வந்து படுத்திருந்த அக்காவின் கட்டில்தான் கண்ணில் நின்றது.

"வெட்டாதீங்க!"

முன்னால் நின்றவர் திரும்பினார். கண் சிவந்திருந்தது. "நகருங்கம்மா. நாலு நாளா பயிர் மூச்சு முட்டிக் கெடக்கு."

"உள்ள எந்திரிக்க முடியாதவங்க இருக்காங்க."

"தடுக்க நீங்க யாரு? பிரசிடெண்டா? தாசில்தாரா?"

"யாரும் இல்லீங்க. இந்தத் தெருவுல இருக்கேன்."

அவர் மண்வெட்டியை ஓங்கி என் காலுக்கு ஒரு சாண் தள்ளி இறக்கினார். சேறு முகத்தில் தெறித்தது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வீரமெல்லாம் இல்லை, வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுத்த வெட்டு என்மேல்தான் விழ வேண்டும். ஒருவர் போனை எடுத்தார், பிறகு பைக்குள் வைத்துவிட்டார். பதவியில் உள்ளவள் என்றால் அதைவிடப் பெரிய ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். கட்சிக்காரி என்றால் எதிர்க்கட்சியைக் கூப்பிட்டிருப்பார்கள். சேற்றில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற ஒருத்திக்கு எதிராக யாரைக் கூப்பிடுவது? நான் ஒன்றுமில்லாதவள் என்பதுதான் அப்போது அவர்களைத் தடுத்து நிறுத்தியிருந்தது. அது எனக்குப் புரிந்ததும் கேட்டேன்.

"தண்ணி ஏன் வடியலங்க?"

"கீழ மதகுல வெங்காயத்தாமரைச் செடி அடைச்சுக்கிட்டு நிக்குது," என்றார் பின்னால் நின்றவர். "மூணு நாளா சொல்றோம், ஆபீஸ்லேர்ந்து ஒருத்தனும் வரல."

"நாமளே எடுத்தா?"

"கழுத்தளவு தண்ணி, இழுப்பு வேற. எட்டு பேர் பத்தாது."

"நாங்களும் வர்றோம்."

முன்னால் நின்றவர் மண்வெட்டியைச் சேற்றிலிருந்து பிடுங்கினார். பிறகு, "மதியம் வரைக்கும்தான். வடியலன்னா வெட்டிடுவேன்" என்றார்.

வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். பதினோரு பெண்கள் வந்தார்கள். மண்வெட்டியை ஓங்கியவர்தான் முதலில் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மதகருகே இறங்கினார். கயிற்றின் மறுமுனை எங்கள் கையில். அவர் அரிவாளால் செடியை அறுத்துத் தள்ள, மற்றவர்கள் கரைக்கு இழுத்துப் போட்டார்கள். திடீரென்று கயிறு சுண்டியது. தலை தெரியவில்லை.

"இழுங்க! விட்றாதீங்க!" என்று கத்தினேன்.

உள்ளங்கைத் தோல் உரிந்தது. எத்தனை நேரம் இழுத்தோமோ, இருமிக்கொண்டே அவர் மேலே வந்தார். கரையில் கிடந்து மூச்சு வாங்கினார். கொஞ்ச நேரத்தில் எழுந்து மறுபடி இறங்கினார்.

மதியத்துக்குள் மதகு ஓவென்று இரைந்தது. வாய்க்கால் ஒரு சாண் இறங்கியது, சாயங்காலத்துக்குள் ஒரு முழம். யாரும் கரையை வெட்டவில்லை.

அவர் வயலில் பாதி அழுகித்தான் போயிற்று. மிச்சத்தைக் காப்பாற்றினார். என்மேல் அவருக்குக் கோபம் தீர்ந்ததா என்று நான் கேட்டதில்லை. பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், "நல்லா இருக்கீங்களா?" என்பார். "இருக்கேங்க" என்பேன்.